என்சைம் ஜீன்களும் குடல் கட்டியும்: இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

இந்தியர்களின் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயையும் என்சைம் ஜீன்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளைத் தேடினால் இரண்டு கட்டுரைகள் கட்டாயம் கண்ணில் படும். ஒன்று 2006-ல் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் வந்தது. எம்டிஎச்எஃப்ஆர் என்ற ஜீனைப் பற்றியது. இன்னொன்று 2011-ல் 'கேன்சர் எபிடெமியாலஜி' இதழில் வந்தது. ஜிஎஸ்டி குடும்பத்து ஜீன்களைப் பற்றியது. ஜப்பானின் நகோயா குழுவும், சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் ஆய்வாளர் வி. கஜலட்சுமியும் சேர்ந்து செய்தவை. இரண்டிலும் ஆட்கள் அதே ஆட்கள்தான்: 302 நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 291 பேர்.

இந்த இரண்டையும் எருமப்பட்டியில் உட்கார்ந்து படிக்கிற ஒருவனாக, இவை எனக்கு என்ன சொல்கின்றன, என்ன சொல்லவில்லை என்று எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இப்போது எச்சிலைத் துப்பி அனுப்பினால் "உங்கள் உடம்பு நச்சை எப்படிக் கழிக்கிறது" என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வருகிறது. அந்த ரிப்போர்ட்டுகளுக்கு அடித்தளம் இந்த மாதிரிக் கட்டுரைகள்தான். அதனால் இது வெறும் கல்லூரிச் சண்டை இல்லீங்க.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆய்வுகள் கேட்ட கேள்வி சரியானது. ஆனால் கேள்விக்கு இரண்டு பக்கம் இருக்கிறது: ஒன்று ஜீன், மற்றது அந்த ஜீன் கையாள வேண்டிய பொருள், அதாவது சாப்பாடு, புகை, சாராயம். ஜீனை எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். சாப்பாட்டை ஆட்களின் ஞாபகத்திலிருந்து வாங்கினார்கள். ஒரு தட்டில் தங்கத் தராசு எடை, மறு தட்டில் கண்மதிப்பு.

முதலில் இந்த என்சைம்களுக்கு என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். வெளியிலிருந்து வரும் பல ரசாயனங்கள் தண்ணீரில் கரையாது. கரையாததை உடம்பு சுலபமாக வெளியே தள்ள முடியாது. அதனால் இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது. முதல் கட்டத்தில் சிஒய்பி குடும்பத்து என்சைம்கள் அந்தப் பொருளில் ஒரு கொக்கி மாட்டுகின்றன. இரண்டாம் கட்டத்தில் ஜிஎஸ்டி, என்ஏடி போன்றவை அந்தக் கொக்கியில் வேறொன்றைக் கட்டி, பெரும்பாலும் கரையக்கூடியதாக மாற்றி அனுப்புகின்றன. சிக்கல் நடுவில்தான். கொக்கி மாட்டிய நிலையில் சில பொருட்கள் முன்பைவிட மோசமாகி டிஎன்ஏவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் கட்டம் வேகமாகவும் இரண்டாம் கட்டம் மெதுவாகவும் இருப்பவருக்கு ஆபத்து அதிகம் இருக்கலாம் என்பது ஊகம். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஜிஎஸ்டிஎம்1 என்ற ஜீன் முழுதாகவே கிடையாது. இந்தியர்களில் அந்த விகிதம் குறைவு. ஜீன் இல்லாமலேயே இத்தனை பேர் நன்றாக வாழ்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த ஜீன் வேறுபாடுகளுக்கு உண்மையில் அர்த்தம் உண்டா? உண்டு. அதற்கு நல்ல சான்று சென்னையிலேயே இருக்கிறது.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிடுவதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்னது இந்த மையம். அதே மையம் ஐசோனியாசிட் மருந்தை யார் உடம்பு வேகமாகச் செயலிழக்கச் செய்கிறது, யார் உடம்பு மெதுவாகச் செய்கிறது என்றும் அளந்தது. தென்னிந்திய நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேர் மெதுவானவர்கள். அந்த வேலையைச் செய்வது என்ஏடி2 என்சைம்.

அந்த வேறுபாடு நோயாளியின் உடம்பில் தெரிந்தது. மருந்தளவு கூடும்போது கைகால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பு மெதுவானவர்களுக்கு அதிகம் வந்தது. பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் அதைத் தடுக்க முடிந்தது. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து தரும் முறையில் வேகமானவர்களுக்குப் பலன் குறைந்தது. வாரம் இரண்டு முறை தந்தபோது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பாருங்க, ஜீனை மாற்ற முடியாது, ஆனால் மருந்து கொடுக்கும் நாளை மாற்ற முடிந்தது. இது பயன்படும் அறிவு.

ஏன் அங்கே பலித்தது? உள்ளே போன பொருள் ஒன்றே ஒன்று. அதன் அளவு மில்லிகிராமில் தெரியும். எந்த நாள் கொடுத்தார்கள் என்று ஏட்டில் இருக்கும். விளைவு சில மாதங்களில் தெரிந்துவிடும். தராசின் இரண்டு தட்டும் சமமான துல்லியம்.

இதே என்ஏடி2-வைக் குடல் கட்டிக்குக் கொண்டுவந்தபோது என்ன ஆனது? 1977-ல் ஜப்பானில் சுகிமுரா குழு, கருகச் சுட்ட மீனிலும் அதன் புகையிலும் டிஎன்ஏவை மாற்றும் பொருட்கள் இருப்பதைக் காட்டியது. இறைச்சியை அதிகச் சூட்டில் வாட்டும்போது உண்டாகும் ஹெட்டரோசைக்ளிக் அமைன்கள் அவை. இவற்றை முதலில் சிஒய்பி1ஏ2, பிறகு என்ஏடி2 தொட்டால், குடலில் டிஎன்ஏவோடு ஒட்டும் நிலைக்கு வரும். அதாவது காசநோயில் நரம்புக்கு நல்லதாக இருந்த 'வேகம்', இங்கே கெட்டதாக மாற வேண்டும். அழகான ஊகம். 1980-களில் வந்த சின்னச் சின்ன ஆய்வுகள் ஆமாம் என்றன.

2001-ல் ஹவாயில் லெ மார்ஷான் குழு 349 நோயாளிகளையும் 467 ஒப்பீட்டாளர்களையும் வைத்துச் செய்த ஆய்வு இந்த வரிசையில் கவனமானது. புகை பிடித்தவர், நன்றாக வெந்து சிவந்த கறியை விரும்புபவர், இரண்டு என்சைமும் வேகம் என்று மூன்றும் சேர்ந்தவருக்கு ஆபத்து 8.8 மடங்கு என்று வந்தது. கேட்டதும் பதறத் தோன்றும். ஆனால் அந்த எண்ணின் நம்பிக்கை இடைவெளி 1.7 முதல் 44.9 வரை. மழை அரை அங்குலமும் பெய்யலாம், ஒரு அடியும் பெய்யலாம் என்று சொல்வது போல. புகைக்காதவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது என்ஏடி2 தனியாகக் குடல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை.

ஆனால் அதே என்ஏடி2, சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் நிலைத்து நின்றது. 2005-ல் லான்செட் இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வும் அதோடு செய்த தொகுப்பாய்வும், மெதுவான என்ஏடி2 உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் புகைப்பவர்களுக்கு, ஆபத்து கூடுதல் என்று உறுதிப்படுத்தின. சிகரெட்டை எண்ண முடியும். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை என்றால் ஆள் சொல்லிவிடுவார். பத்து வருஷத்துக்கு முன்னால் சாப்பிட்ட கறி எவ்வளவு கருகியிருந்தது என்று யார் சொல்வார்?

இப்போது நம் இரண்டு கட்டுரைகளுக்கு வருவோம். 302 நோயாளிகளில் 243 பேருக்கு மலக்குடலில் கட்டி, 59 பேருக்குத்தான் பெருங்குடலில். கட்டுரைகள் இரண்டு இடத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கின்றன. பிரிப்பது நியாயம்தான், இரண்டும் ஒரே நோய் அல்ல. ஆனால் 59-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றில் பத்துப் பேரிடம் உள்ள ஒரு ஜீன் வகை என்றால், 59-ல் ஆறு பேர். அவர்களைக் காய்கறி அதிகம் சாப்பிடுபவர், குறைவாகச் சாப்பிடுபவர் என்று இரண்டாகப் பிரித்தால் மூன்று மூன்று பேர். ஒரே ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாலும் முடிவு ஆடிவிடும். அதோடு, 20 ஒப்பீடு செய்தால் எதுவுமே உண்மையாக இல்லாதபோதும் சராசரியாக ஒன்று தற்செயலாக 5 சதவீதக் கோட்டைத் தாண்டி "முக்கியமானது" என்று நிற்கும். பல ஜீன், இரண்டு இடம், காய்கறி, புகையிலை என்று பெருக்கிப் பாருங்கள், 20 சீக்கிரம் வந்துவிடும்.

இது இந்தக் குழுவின் குறை மட்டும் அல்ல, அந்தக் காலத்து முறையின் குறை. 2007 முதல் ஆயிரக்கணக்கான ஆட்களின் மொத்த ஜீன் தொகுதியையும் துழாவிய ஆய்வுகள் வந்தன. குடல் புற்றுநோயோடு தொடர்புள்ள இடங்களாக அவற்றில் எழுந்து நின்றவை பெரும்பாலும் நாம் சந்தேகப்பட்ட இந்த நச்சுக் கழிப்பு என்சைம்கள் அல்ல. குற்றவாளி இவன்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்து அவன் வீட்டை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தோம்.

எம்டிஎச்எஃப்ஆர் கொஞ்சம் வேறு கதை. ஃபோலேட் என்ற வைட்டமினை டிஎன்ஏ கட்டுவதற்கு அனுப்புவதா, வேறு வேலைக்கு அனுப்புவதா என்று திருப்பிவிடும் மதகு மாதிரி இந்த என்சைம். அதன் 677-ஆம் இடத்தில் இரண்டு பிரதியும் மாறியவர்களுக்கு, உடம்பில் ஃபோலேட் போதுமான அளவு இருந்தால் குடல் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்றது 1997-ல் அமெரிக்க டாக்டர்களை வைத்து நடந்த ஆய்வு. சாராயம் அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடுகிறது என்றும் சொன்னது. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளில் அந்தக் குறைவு சிறிதாகிவிட்டது, ஆனால் மறையவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: அங்கே நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த ரத்தத்தில் ஃபோலேட்டை அளந்திருந்தார்கள். ஞாபகத்தைக் கேட்கவில்லை.

நம்மிடம் அந்த 677 இரட்டை மாற்றம் அரிது. 2006 கட்டுரை 1298-ஆம் இட மாற்றத்தில் ஆபத்துக் குறைவைக் கண்டது. அதைக் குப்பை என்று நான் தள்ளமாட்டேன். தென்னிந்தியாவில் அந்த மாற்றம் பரவலாக உண்டு, கேட்க வேண்டிய கேள்விதான். எண்ணெயில் பொரிக்காத காய்கறியைத் தனியாகக் கேட்டிருப்பதும் நல்ல யோசனை. ஆனால் நோய் வந்த ஒருவரிடம் "முன்னால் எவ்வளவு கீரை சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால், அவர் தன் வாழ்க்கையையே குற்றக் கண்ணோடு திரும்பிப் பார்த்துத்தான் பதில் சொல்வார். நோயில்லாதவர் அப்படிச் சொல்லமாட்டார். இந்தக் கோணலைக் கணக்குப் போட்டு நிமிர்த்த முடியாது.

சாப்பாட்டை அளப்பதில் இன்னொரு தகராறும் இருக்கிறது. ஹவாய் ஆய்வில் கறியை அரைவேக்காடாக, நடுப்பதமாக, நன்றாக வேகவைத்து என்று பிரித்தார்கள். எருமப்பட்டியில் அரைவேக்காட்டுக் கறி சாப்பிடுகிறவர் யார்? அந்தக் கட்டமே இங்கே காலி. இங்கே ஞாயித்துக்கிழமை கறி எடுத்தால் பாதி குழம்புக்குப் போகும். குழம்பில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், அந்த அமைன்கள் பெரிய அளவில் உண்டாகாது. அதே கறியைத் தண்ணீர் சுண்டிய பிறகும் வாணலியில் புரட்டிக்கொண்டே இருந்தால் கதை வேறு. பள்ளிபாளையம் சிக்கன் ஒரு கணக்கு, ரோட்டோரக் கம்பியில் சுற்றும் கிரில் சிக்கன் இன்னொரு கணக்கு. "வாரத்துக்கு எத்தனை கிராம் கறி" என்ற ஒரே கேள்வியில் இவை எல்லாம் ஒன்றாகிவிடும். கோழியும் முட்டையுமாக வாழும் நாமக்கல் மாவட்டத்தில், கேள்வித்தாளை நம் அடுப்பிலிருந்து எழுத வேண்டும்.

சாப்பாட்டுப் பக்கம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2022-ல் இந்தியாவில் புதிதாகக் குடல் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 70,000 என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு. பிரிட்டன் மக்கள்தொகை நம்மில் இருபதில் ஒரு பங்கு, அங்கே ஆண்டுக்குச் சுமார் 44,000. வயது வித்தியாசம், பதிவாகாமல் போனது எல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரிது. ஆனால் பிரிட்டனில் குடியேறிய இந்தியர்களிடம் இந்நோய் இந்தியாவில் இருப்பதைவிட அதிகம். விமானம் ஏறும்போது ஜீன் மாறவில்லை. தட்டும், வேலையும், இடுப்புச் சுற்றளவும் மாறின.

இதையெல்லாம் தாண்டி, ஊரில் இது எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். கோழிப்பண்ணை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் போன வருஷம் ஒரு ஜீன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். மகன் பெங்களூரிலிருந்து பணம் கட்டி எடுத்துக் கொடுத்தது.

"தம்பி, இதுல எனக்கு மெதுவானவன்னு போட்டிருக்குது பாரு. அப்ப கறி திங்கலாமா, வேண்டாமா?"

"மாமா, கறியை விடுங்க. இந்த ரிப்போர்ட்டுல நீங்க பீடி குடிக்கிறதைப் பத்திக் கேட்டிருக்காங்களா?"

"இல்லையே."

"வெளிக்கிப் போறப்ப ரத்தம் ஏதாச்சும் வருதான்னு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது மூலச் சூடு தம்பி. ரெண்டு மாசமா இருக்குது. மோர் குடிச்சிட்டு இருக்கறேன்."

நாற்பது பக்க ரிப்போர்ட்டில் இல்லாத ஒரே கேள்விதான் அவருக்குத் தேவைப்பட்ட கேள்வி. பெரியாஸ்பத்திரிக்குப் போனார், ஸ்கோப் போட்டார்கள். மூலம்தான், வேறொன்றும் இல்லை. நல்லது. ஆனால் இப்போது அவருக்கு அது மூலம் என்று தெரியும். முன்பு மூலம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் ஜீன் சோதனையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. குடல் கட்டி விஷயத்தில் என்சைம் ஜீன் உண்மையாக உதவும் இடம் சிகிச்சை. 5-ஃப்ளூரோயுராசில், கேப்சிட்டபின் மருந்துகளில் பெரும்பகுதியை உடைப்பது டிபிடி என்ற என்சைம். அது குறைவாக இருப்பவருக்கு வழக்கமான அளவே விஷமாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் 2020-ல் ஐரோப்பிய மருந்து முகமை சிகிச்சைக்கு முன் இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது. இரினோடெக்கான் மருந்துக்கு யுஜிடி1ஏ1 அப்படித்தான், அமெரிக்காவில் மருந்தின் குறிப்பிலேயே 2005-ல் சேர்த்தார்கள். கவனியுங்கள், மறுபடியும் அதே பாடம்: உள்ளே போவது ஒரே பொருள், அளவு மில்லிகிராமில். 1960-களின் சேத்துப்பட்டுக் கணக்குதான் இது. வீட்டில் யாருக்காவது இந்த மருந்துகள் தொடங்கப் போகிறார்கள் என்றால் டாக்டரிடம் இந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். ஐரோப்பியர்களிடம் கண்ட சில மாற்றங்களை மட்டும் தேடும் சோதனை நமக்குப் போதுமா என்றும் கேளுங்கள்.

இன்னொரு இடம் குடும்பம். லிஞ்ச் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. அதில் கெட்டுப்போவது நச்சுக் கழிக்கும் என்சைம் அல்ல, டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற ஜீன்கள். இங்கே ஆபத்து கால் பங்கு, அரைப் பங்கு கூடுவது இல்லை, பல மடங்கு. அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று ஒரே வீட்டில் ஐம்பது வயதுக்குள் குடல் கட்டியோ, பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயோ அடுத்தடுத்து வந்திருந்தால், அந்தக் குடும்பம் ஜீன் ஆலோசனைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. நச்சுக் கழிப்பு ரிப்போர்ட்டில் 'மெதுவானவர்' என்று வந்ததற்காகப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை.

ஆய்வாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆட்களை நோய் வருவதற்கு முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், ஃபோலேட்டை அளங்கள். கறியைக் கிராமில் மட்டும் கேட்காமல், குழம்பா, வறுவலா, கிரில்லா என்று கேளுங்கள். பீடி, பொயலை, சாராயம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அதன் பிறகு ஜீனைப் பாருங்கள். அதற்குப் பத்து, பதினைந்து வருஷம் ஆகும், சென்னைக் காசநோய் மையம் மாதிரிப் பொறுமை வேண்டும்.

வாசிக்கிறவர்களிடம் சொல்வது வேறு. அந்த இரண்டு கட்டுரைகளில் என் மனதில் நின்ற எண் ஜீனைப் பற்றியது அல்ல, 302-ல் 243 மலக்குடல் என்பது. மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை டாக்டரின் விரலுக்கே எட்டும் தூரத்தில் இருப்பவை. மற்றவை சின்ன ஸ்கோப்பில் தெரிபவை. தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும்தான் இருக்கின்றன, குடல் இல்லை. அதனால் கூப்பிட்டு யாரும் பார்க்கமாட்டார்கள், நாமாகத்தான் போக வேண்டும். மலத்தில் ரத்தம், சில வாரமாக மாறிப்போன போக்கு, காரணமில்லாத ரத்தசோகை, எடைக் குறைவு, இவற்றில் எது இருந்தாலும் மூலம், பவுத்திரம் என்று போர்டு மாட்டிய இடத்துக்கு முன்னால் ஒரு சர்ஜனைப் பாருங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், ஐந்து நிமிஷ வெட்கம்.